உப்பு தின்ற கான்டெஸா

அந்தமானில் ஒரு பழைய காருக்கு மறுபிறவி கொடுக்க வேண்டுமென்றால் முதலில் கடலோடு கணக்குத் தீர்க்க வேண்டும்.

மேஸ்திரி ஸ்க்ரூ டிரைவரை மெதுவாகத்தான் அழுத்தினார். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் அந்தத் தகட்டில் வெள்ளை பெயிண்ட் வழவழவென்று மின்னிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டைகூட இல்லை. ஆனால் ஸ்க்ரூ டிரைவர் பிடி வரை உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது கூடவே ஒரு கைப்பிடி பழுப்புப் பொடியும் அடை கனத்துக்கு ஒரு துண்டு பட்டியும் தரையில் விழுந்தன.

"தம்பி, இதுல தகடே இல்ல. பட்டியாலயே வண்டி பண்ணி வச்சிருக்காங்க" என்றார் மேஸ்திரி.

கார்க்காரர் பதில் சொல்லவில்லை. மேஸ்திரிக்குத்தான் அவர் தம்பி. வயது 45-ஐத் தாண்டும். ஒரு பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை வைத்துக்கொண்டு காரைச் சுற்றி வந்தார். பானெட்டில் காந்தம் டக்கென்று ஒட்டியது. கூரையிலும் ஒட்டியது. பின்சக்கரத்துக்கு மேலே வைத்ததும் நழுவி விழுந்தது. கதவின் கீழ்ப்பகுதியில் விழுந்தது. டிக்கியின் ஓரத்தில் விழுந்தது. விழுந்த இடங்களையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். அரைமணி நேரத்தில் அந்த வெள்ளைக் கார் அம்மை போட்டதுபோல் ஆகிவிட்டது.

இடம், போர்ட் பிளேரிலிருந்து கராச்சாரமா போகும் சாலையோரம் ஒரு டிங்கரிங் பட்டறை. நகரத்துக்கு 2024 செப்டம்பரில் மத்திய அரசு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியது. பட்டறைப் பேச்சில் இன்னும் போர்ட் பிளேர்தான். தகரக் கூரை, நான்கு மரத்தூண், பின்னால் பாக்கு மரங்கள். கடல் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் இந்த ஊரில் எங்கே நின்றாலும் கடல் அதிக தூரத்தில் இல்லை. அதுதான் பிரச்சினையே.

நிற்கும் கார் கான்டெஸா கிளாஸிக். நாற்பது வயதைத் தாண்டிய இந்தியர்களுக்கு இதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பிரிட்டனில் 1978-இல் நிறுத்தப்பட்ட வாக்ஸ்ஹால் காரின் அச்சுகளை வாங்கி வந்து, கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-இல் வெளியிட்ட கார். நீண்ட பானெட், நான்கு வட்ட விளக்குகள், அகலமான இடுப்பு. அமெரிக்காவில் 1964-இல் போன்டியாக் ஜி.டி.ஓ. தொடங்கி வைத்த 'மஸில் கார்' அலையின் தோற்றம் அதில் இருந்ததால், பழைய கார்ப் பிரியர்கள் இன்றும் அதை இந்தியாவின் மஸில் கார் என்று செல்லமாகச் சொல்கிறார்கள். உள்ளே பலம் என்னவோ குறைச்சல்தான். முதலில் பொருத்தப்பட்டது அம்பாசடரின் 1.5 லிட்டர் என்ஜின். பிறகு ஜப்பானிய இசுசூவின் 1.8 லிட்டர் என்ஜினும் ஐந்து கியரும் வந்தபோதுதான் உடம்புக்கேற்ற ஓட்டம் வந்தது. 2002-இல் உற்பத்தி நின்றது.

இந்தக் கார் 1996-இல் கொல்கத்தாவில் இரண்டாம் கையாக வாங்கப்பட்டு, கப்பலில் வந்து ஹாடோ துறைமுகத்தில் இறங்கியது. வாங்கியவர் கார்க்காரரின் அப்பா. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து சிறிய கட்டட வேலைகளை எடுத்துச் செய்த கான்ட்ராக்டர். அந்தமானில் அப்படிப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். 2011 கணக்கெடுப்பின்படி இந்தத் தீவுகளின் 3.8 லட்சம் பேரில் சுமார் 15 சதவீதம் பேருக்குத் தாய்மொழி தமிழ். அம்பாசடர் டாக்ஸிகளும் ஜீப்புகளும் ஓடிய சாலையில் ஒரு கான்டெஸா இறங்கியது அன்று தெருவுக்கே சேதி. "அப்பா சொந்த வீடு கட்டுனப்போகூட இவ்வளவு பேர் வந்து பாக்கல" என்கிறார் மகன்.

அப்பா இப்போது இல்லை. காரை விற்கவும் மனமில்லை, ஓட்டவும் முடியவில்லை. எட்டு வருடம் ஷெட்டில் தூங்கிய பிறகு, ஜனவரியில் லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து இறக்கினார். என்ஜினில் பெரிய கோளாறு இல்லை என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். போனது உடம்பு.

காற்றிலேயே கடல்

சென்னையில், மும்பையில்கூடக் கார்கள் துருப்பிடிக்கின்றன. அந்தமான் துரு அதைவிட ஒரு படி மேல். காரணம் மழை மட்டுமல்ல. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது என்பது உண்மை. ஆனால் மழை நின்ற நாளிலும் இங்கே இரும்பு காய்வதில்லை.

சமையலறை உப்பு ஜாடியைத் திறந்து வைத்தால் மழைக்காலத்தில் நீர்த்துப் போகிறதல்லவா, அதே கதைதான். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே நீர் கோக்கும். போர்ட் பிளேரில் ஆண்டின் பெரும்பகுதி காற்றின் ஈரம் இந்த எல்லையை ஒட்டியோ தாண்டியோ இருக்கிறது. அலை அடித்துக் காற்றில் கலந்த உப்பு, கார்த் தகட்டின் மடிப்பில் போய் உட்கார்ந்தால் அங்கே ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலம் எந்நேரமும் இருந்துகொண்டே இருக்கும். வெளியே வெயில் அடிக்கும். கதவுக்குள்ளே கடல் இருக்கும்.

துருவுக்கு இன்னொரு குணம். தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அது அடைத்துக்கொள்ளும். அதனால்தான் பெயிண்ட் கொப்புளம் போல எழும்புகிறது. கொப்புளம் வெளியே தெரியும்போது உள்ளே வேலை முடிந்திருக்கும். "வெளியே அஞ்சு பைசா தெரிஞ்சா உள்ளே அஞ்சு ரூபா போயிருக்கும்" என்பது மேஸ்திரியின் கணக்கு.

இந்தக் கணக்கை விஞ்ஞானமாகச் செய்யும் இடமும் தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953-இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம், மண்டபம் போன்ற கடலோர ஊர்களில் இரும்புத் தகடுகளை வெட்டவெளியில் மாட்டி வைத்து அவை எவ்வளவு கரைகின்றன என்று அளந்திருக்கிறது. இந்தியாவுக்கே ஒரு துரு வரைபடம் தயாரித்திருக்கிறது. மேஸ்திரி அந்த ஆய்வகத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை. "நம்ம ஊருக்கு எதுக்குங்க தகடு மாட்டணும்? நிக்கிற வண்டியைப் பாத்தாலே தெரியுமே" என்று சிரிக்கிறார்.

சிப்பிகாட் சாலை

இந்தக் காருக்குக் காற்றில் வந்த உப்பு மட்டும் போதவில்லை. 2004 டிசம்பர் 26 பூகம்பத்தில் தெற்கு அந்தமானின் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. சுனாமி அலை திரும்பிப் போன பிறகும் தாழ்ந்த இடங்களில் கடல் தங்கிவிட்டது. நகருக்கு வெளியே சிப்பிகாட்டில் நெல் விளைந்த வயல்கள் உப்பு ஏரியாயின. இன்றும் அந்தப் பக்கம் போனால் நீருக்கு நடுவே பட்டுப்போன மரங்களைப் பார்க்கலாம். சுனாமிக்குப் பிந்தைய மாதங்களில் கடல் ஏற்றத்தின்போது சாலையும் மூழ்கும்.

கான்ட்ராக்டரின் தோட்டம் சிப்பிகாட்டைத் தாண்டி இருந்தது. அங்கே தங்கியிருந்த உறவினர்களை அழைத்து வரவும், அரிசியும் தண்ணீரும் கொண்டுபோகவும் கையில் இருந்தது இந்தக் கார்தான். நாள் தவறாமல் சக்கரம் பாதி மூழ்கும் தண்ணீரில் ஓட்டினார். "அப்போ வண்டியப் பத்தி யாரு நெனச்சா? ஆள் உயிரோட இருக்கறதே பெருசு" என்கிறார் மகன். தண்ணீர் கதவுக்குக் கீழே இருக்கும் வடிகால் துளைகள் வழியே உள்ளே ஏறியது. திரும்பி வடியவில்லை. துளைகளைச் சேறு அடைத்துவிட்டது.

சில வருடம் கழித்துக் கொப்புளங்கள் எழும்பின. ஊரிலேயே ஒரு பட்டறையில் கொடுத்தார் அப்பா. பத்தே நாளில் புதுக் கார் போலத் திரும்பி வந்தது. துருவை வெட்டி எடுக்காமல், அதன் மேலேயே பட்டியை அப்பி, உப்புத்தாளால் தேய்த்துப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள் என்பது அப்போது தெரியாது. அந்த மினுமினுப்புக்கு அடியில்தான் இத்தனை வருடமும் உப்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

வேடிக்கை பாருங்கள், உப்பு தின்றதைத் தேய்க்கும் தாளுக்கும் நம் தொழிலாளர்கள் வைத்திருக்கும் பெயர் உப்புத்தாள்.

வெட்டவா, பூசவா?

சாக்பீஸ் வட்டங்களைப் பார்த்துக்கொண்டு மேஸ்திரி இரண்டு வழி சொன்னார். ஒன்று, மறுபடியும் பட்டி. ஒரு மாதத்தில் வேலை முடியும். இரண்டு மழைக்காலம் தாங்கும். கோயில் வாசல்வரை ஓட்டிவிட்டு வரலாம். இன்னொன்று, நல்ல தகடு கிடைக்கிறவரை வெட்டிக்கொண்டே போவது. எங்கே போய் நிற்கும் என்று வெட்டாமல் சொல்ல முடியாது. ஆகிற செலவில் ஓடுகிற நிலையில் ஒரு சின்னக் காரே வாங்கிவிடலாம்.

கார்க்காரர் அன்று முடிவு சொல்லாமல் போய்விட்டார். வீட்டில் அம்மா இருக்கிறார், கல்லூரிக்குப் போகும் மகள் இருக்கிறாள், மகளின் ஹாஸ்டல் கட்டணம் இருக்கிறது. மூன்றாவது நாள் வந்து, "வெட்டிருங்கண்ணே" என்றார். என்ன யோசித்தார் என்று பிறகு கேட்டேன். "பட்டி பூசுனா ஊருக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே" என்றார். அம்மாவிடம் செலவைப் பாதியாகக் குறைத்துச் சொல்லியிருப்பதாகவும் சேர்த்துச் சொன்னார்.

ஜீப் என்றால் வெட்டுவது சுலபம். அடியில் தனியாகச் சேசிஸ் இருக்கும். மேல் தகடு பெரும்பாலும் நேர்த் தகடு, வெட்டி ஒட்டிவிடலாம். அம்பாசடரும் கான்டெஸாவும் அப்படியில்லை. தனிச் சேசிஸ் கிடையாது. உடம்புதான் எலும்பு. கதவுக்குக் கீழே ஓடும் அந்தப் பெட்டி போன்ற தகடுதான் முன்னையும் பின்னையும் தாங்கிப் பிடிக்கிறது. அதை அப்படியே வெட்டினால் கார் நடுவில் தொய்ந்துவிடும். பிறகு எந்தக் கதவும் சாத்தாது.

அதனால் முதல் வாரம் முழுக்க வெட்டாமல் கட்டிக்கொண்டே இருந்தார்கள். கதவு வாசல்களுக்குக் குறுக்கே இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து முட்டுக் கொடுத்தார்கள். தரை மட்டம் பார்த்து, நான்கு மூலைக்கும் மரக்கட்டை வைத்தார்கள். சாத்தாங்கால் விட்டுச் சுவரை இடித்துக் கட்டுவதுபோல. பிறகு ஒரு பக்கம் மட்டும் வெட்டி, அதை முடித்த பிறகே அடுத்த பக்கம்.

வெட்ட வெட்டத்தான் சேதம் தெரிந்தது. கம்பளத்துக்கு அடியில் டிரைவர் கால் வைக்கும் தரை, வலை மாதிரி இருந்தது. பின்சக்கர வளைவின் உள் அடுக்கு விரலால் தொட்டாலே உதிர்ந்தது. டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியில் ஒரு சிப்பி கிடைத்தது. எந்த நாளின் சிப்பியோ. கார்க்காரர் அதைக் கழுவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

புதுத் தகடு சென்னையிலிருந்து கப்பலில் வந்தது. சுமார் 1,200 கிலோமீட்டர், மூன்று நாள் பயணம். ஒரு முன்பக்க மட்கார்டும் டிக்கி மூடியும் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் தேடிப் பிடிக்கப்பட்டு அதே வழியில் வந்தன. கதவின் கீழ் உதடு எங்கும் கிடைக்கவில்லை. அதை மேஸ்திரி கையாலேயே செய்தார். அடியில் டோலி என்ற இரும்புக் கட்டியைப் பிடித்து, மேலே சுத்தியலால் தட்டித் தட்டி, நேர்த் தகட்டை வளைவுக்குக் கொண்டுவந்தார். ஓங்கி அடிக்கவே இல்லை. தோசைக் கரண்டியால் தட்டுவதுபோல் நூற்றுக்கணக்கான சின்ன அடிகள். சத்தம் மாறும்போது தகடு படிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிகிறது.

வெல்டிங்கிலும் அவசரமில்லை. நீளமாக ஒரே இழுப்பில் பற்றவைத்தால் மெல்லிய தகடு சூட்டில் அப்பளமாக நெளிந்துவிடும். இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு, நடுவில் ஆறவிட்டு இன்னொரு பொட்டு. உதவிக்கு இருந்த ராஞ்சிக்காரப் பையன் ஈரத் துணியோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். இவர் தமிழில் திட்டுகிறார், அவன் இந்தியில் பதில் சொல்கிறான். வேலை என்னவோ நடக்கிறது. ராஞ்சியிலிருந்து அந்தமானுக்குக் காடு வெட்ட வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்படி எல்லாப் பட்டறைகளிலும் இருக்கிறார்கள்.

நல்ல தண்ணீர்

இந்த வேலையில் மிக விலை உயர்ந்த பொருள் எது என்று கேட்டேன். தகடா, பெயிண்டா? "நல்ல தண்ணி" என்றார் மேஸ்திரி.

துருவைச் சுரண்டி எடுத்தாலும் இரும்பின் நுண்ணிய குழிகளுக்குள் உப்பு ஒளிந்திருக்கும். அதன் மேல் எவ்வளவு உயர்ந்த பெயிண்டை அடித்தாலும் ஒரு வருடத்தில் மறுபடி கொப்புளம்தான். நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, தேய்த்து, மறுபடி கழுவினால்தான் உப்பு வெளியேறும். உதடும் மடிப்பும் உள்ள இடங்களில் மூன்று நான்கு முறை. பிறகு அடுப்புக் காற்றோ விளக்குச் சூடோ காட்டி உலர்த்த வேண்டும்.

இங்கேதான் தீவின் விசித்திரமான கணக்கு வருகிறது. மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்தால், அது விட்டதும் வடகிழக்குப் பருவமழை. டிசம்பர் வரை பெயிண்ட் வேலைக்குக் காற்று ஒத்துவராது. ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் பெயிண்டருக்குக் காலம். அதே மாதங்களில்தான் போர்ட் பிளேரில் தண்ணீர்த் தட்டுப்பாடு. நகரத்துக்குப் பெரும்பாலும் தனிக்காரி அணைதான் கதி. கோடை முற்றினால் குழாயில் தண்ணீர் நாள் விட்டு நாள், சில வருடங்களில் அதற்கும் மேல் இடைவெளி விட்டு வரும். தண்ணீர் இருக்கும்போது வெயில் இல்லை, வெயில் இருக்கும்போது தண்ணீர் இல்லை.

ஆகவே மேஸ்திரி மழைநீரைப் பிடித்து வைக்கிறார். தகரக் கூரையின் விளிம்பில் குழாய் கட்டி ஆறு பீப்பாய்கள் நிரப்பி மூடி வைத்திருக்கிறார். குடிக்கவோ குளிக்கவோ அதில் யாரும் கை வைக்கக் கூடாது. அது கார்களுக்கு. ராஞ்சிப் பையன் ஒரு நாள் அதில் முகம் கழுவிவிட்டு வாங்கிக்கட்டிக்கொண்டது பட்டறையில் இன்னும் பேச்சாக இருக்கிறது.

இன்னொரு விதியும் உண்டு. காலையில் தேய்த்து வெள்ளி போலப் பளபளக்க வைத்த தகட்டை, அன்று மாலைக்குள் பிரைமர் பூசி மூடிவிட வேண்டும். விட்டுவைத்தால் மறுநாள் காலை மஞ்சள் பூத்திருக்கும். துத்தநாகம் கலந்த பிரைமர் இவருக்குப் பிடித்தமானது. இரும்பைக் காட்டிலும் துத்தநாகம் முதலில் அரிபடும். அது போகிறவரை இரும்பு பிழைக்கும். கப்பல்களின் அடிப்பக்கத்தில் துத்தநாகக் கட்டிகளை மாட்டுவதும் இதற்காகத்தான். போர்ட் பிளேரின் ஃபீனிக்ஸ் பே கப்பல் பட்டறையில் வேலை பார்த்த ஒரு மாமாவிடம் இதைக் கற்றுக்கொண்டாராம். கப்பலுக்குச் செய்வதைக் காருக்கும் செய்கிறார். ஊர் அப்படி.

எது நிற்கும்?

பட்டறையிலிருந்து வெளியே வந்தால், சாலையோரங்களில் கொடி படர்ந்து கிடக்கும் வண்டிகளைப் பார்க்கலாம். ஒரு வேனின் மூஞ்சி, ஒரு ஜீப்பின் முதுகு. எடைக்குப் போட்டாலும் மெயின்லேண்டுக்கு அனுப்புகிற கப்பல் கூலியை யோசிக்க வேண்டும். அப்படியே விட்டுவிடுகிறார்கள். நான்கைந்து மழைக்காலத்தில் தகடு கரைந்து கொடி மட்டும் காரின் உருவத்தில் நிற்கிறது.

அபர்தீன் படகுத் துறையிலிருந்து சிறிது நேரத்தில் போய்விடக்கூடிய ராஸ் தீவிலும் இதே காட்சிதான், பெரிய அளவில். 2018-இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர் பெற்ற அந்த இடம், கைதிகளின் குடியேற்றத்தை ஆண்ட ஆங்கிலேயர்களின் தலைமையகம். சர்ச் இருந்தது, நடன மண்டபம் இருந்தது. இன்று ஆலமர வேர்கள்தான் சுவர்களைக் கட்டிப்பிடித்து நிறுத்தியிருக்கின்றன. 1942 முதல் 1945 வரை ஆண்ட ஜப்பானியரின் பங்கர்கள் மட்டும் கான்கிரீட் என்பதால் கடற்கரையெங்கும் அப்படியே இருக்கின்றன. இந்தத் தீவுகளில் எதையும் சும்மா விட்டுவைத்தால் மிஞ்சாது. மிஞ்சியிருப்பதெல்லாம் யாரோ விடாமல் பராமரித்தவை.

சட்டத்தின் கண்ணில் இந்தக் கான்டெஸாவுக்குச் சலுகை எதுவும் இல்லை. 2021-இல் வந்த மத்திய விதிப்படி 50 வயதைத் தாண்டி, அசல் வடிவம் மாறாத வண்டியைத்தான் 'வின்டேஜ்' என்று பதிவு செய்ய முடியும். இந்தியாவின் முதல் கான்டெஸாவுக்கே அந்தத் தகுதி வர 2034 ஆகும். அதுவரை மற்றப் பழைய கார்களைப் போலவே தகுதிச் சோதனைக்கு நின்று, கட்டணம் கட்டித்தான் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். சோதிக்கிற அதிகாரி ஸ்க்ரூ டிரைவர் எடுத்துவரப் போவதில்லை. பட்டி பூசிய காரும் அங்கே தேறிவிடலாம்.

ஏப்ரல் மூன்றாம் வாரம் மறுபடி போனபோது கார் முழுக்கச் சாம்பல் நிறத்தில் நின்றது. முட்டுக் கொடுத்த குழாய்களை எடுத்துவிட்டார்கள். கார்க்காரர் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, கைவிரலால் லேசாகத் தள்ளினார். 'டொப்' என்று சாத்திக்கொண்டது. மறுபடி திறந்தார். மறுபடி தள்ளினார். நான்கைந்து முறை. பிறகு காந்தத்தை எடுத்துக்கொண்டு சுற்றி வந்தார். பின்சக்கரத்துக்கு மேலே ஒட்டியது. கதவின் கீழே ஒட்டியது. டிக்கி ஓரத்தில் மட்டும் ஓரிடத்தில் தயங்கி நழுவியது.

"அங்க பட்டி இருக்கு. ஒரு நூல் கனம். மட்டம் வரலைன்னு நான்தான் வச்சேன்" என்றார் மேஸ்திரி, கேட்காமலேயே.

மேலே வானம் கறுத்துக்கொண்டிருந்தது. மழைக்கு முன்னால் வெள்ளை பெயிண்ட் முடிந்துவிடுமா என்று பெயிண்டருக்கு மட்டுமல்ல, எல்லோருக்குமே கவலை. மேஸ்திரி கவலைப்பட்டது வேறு விஷயத்துக்கு. வண்டியை எடுத்துப்போன பிறகு செய்ய வேண்டியதை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். வாரத்துக்கொரு முறை அடிப்பக்கம் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். கதவுத் துளைகளைக் குச்சியால் குத்தி அடைப்பு எடுக்க வேண்டும். ஷெட்டில் காற்றோட்டம் வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை மடிப்புகளுக்குள் மெழுகு பாய்ச்ச வேண்டும்.

"எத்தனை வருஷம் தாங்கும்ணே?"

"இத்தனை வருஷம்னு கேரண்டி குடுக்கறவன் இந்த ஊர்க்காரன் இல்ல தம்பி. நீங்க கழுவுற வரைக்கும் தாங்கும்."

கார்க்காரர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். வீட்டுக் கூரையில் மழைக்குழாய் கட்ட எவ்வளவு ஆகும், பீப்பாய் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்க ஆரம்பித்தார். முதல் தூறல் தகரத்தில் விழுந்தது. ராஞ்சிப் பையன் பீப்பாய் மூடிகளைத் திறக்க ஓடினான்.